குழலில் செருகிய விலை

"சரி, எடுத்துக்கிறேன்" என்று அந்த மனிதர் சொன்னதும் நார்பர்ட் ஓரடி பின்வாங்கினார்.

"எதை?" என்றார்.

"இதைத்தான். ரெண்டாயிரத்து நானூறு டாலர்னு எழுதியிருக்கே. குடுங்க."

நார்பர்ட் தன் தோளில் தொங்கிய பழைய துப்பாக்கியை முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். குழலில் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் விலைச் சீட்டு. ஒஹாயோ மாநிலத்தின் துப்பாக்கிச் சந்தைகளில் மேஜைக்கு வாடகை கொடுக்க மனசில்லாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் சரக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுவார்கள். என்ன வித்தியாசம் என்றால், மற்றவர்கள் விற்பதற்காக விலை எழுதினார்கள். நார்பர்ட் விற்காமல் இருப்பதற்காக எழுதியிருந்தார். எழுநூறு டாலர் பெறும் பொருளுக்கு ரெண்டாயிரத்து நானூறு. மூன்று வருஷமாக அந்த விலை அவரைக் காப்பாற்றி வந்தது.

எல்லாம் மனைவி லவோன் போட்ட உத்தரவால் வந்த வினை. ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து நார்பர்ட் ஓய்வு பெற்ற மறுமாதமே அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வீட்ல இருபத்திரண்டு துப்பாக்கி இருக்கு. ஒண்ணையாவது வித்துட்டு வாங்க" என்றாள். எதை என்று கேட்டதற்கு, அலமாரியைத் திறந்து கொஞ்சமும் யோசிக்காமல் இதை உருவிக் கொடுத்தாள்.

"இதையா?"

"இதைத்தான். வேற எதையும் இல்ல."

மற்ற இருபத்தொன்றில் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். இது செத்துப்போன ஒரு விவசாயியின் களஞ்சியத்தில், சோள மூட்டைகளுக்குப் பின்னால், விதைச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. ஏலத்துக்கு வந்த முப்பது பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நார்பர்ட் கண்ணில் பட்டது. எண்பத்தைந்து டாலர். நூறு வருஷத்துக்கு மேல் பழசு, லீவரை இழுத்தால் இன்றைக்கும் வெண்ணெயாக நகரும். வாழ்க்கையில் அவர் மற்றவர்களை முந்திக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். அந்தக் கதையைக் கேட்காத காது அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

ஆகவே சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஓர் ஊர்ச் சந்தைக்குப் போவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றிவிட்டு, வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் யாரும் கேக்கல" என்பார். லவோன் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "பரவாயில்ல, அடுத்த சனிக்கிழமை பாருங்க" என்பாள். எத்தனை பொறுமைசாலி என்று நார்பர்ட் உருகிப்போவார். கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வரும்.

இப்போது இந்த மனிதர். புதுத் தொப்பி, புதுச் சட்டை, சட்டைப்பையில் ஒரு சின்ன விளக்கு. ஓய்வு பெற்ற பல் டாக்டராம், இந்தியானாவிலிருந்து வந்தவராம். சந்தைக்கு வருவது இதுதான் முதல் தடவை. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியாத மனிதரை என்ன செய்வது?

முடியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் குச்சியில் எழுதிய விலை வாக்குக்குச் சமம். அதைக் கொடுக்க ஒருவர் தயாராக இருக்கும்போது பின்வாங்கினால் அப்புறம் எந்தச் சந்தையிலும் தலைகாட்ட முடியாது. அது கூடப் போகட்டும். மூன்றடி தள்ளி உப்புக்கண்டம் விற்றுக்கொண்டிருந்தது லவோனின் அண்ணன் மெர்ல். காது முழுவதும் இந்தப் பக்கம்தான் இருந்தது.

நார்பர்ட் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், உண்மையைச் சொல்லிடறேன். பின்கட்டையில விரிசல் இருக்கு. கோந்து போட்டு ஒட்டினது."

"அப்படியா?"

"குழலுக்குள்ள துரு. நல்லாவே அரிச்சிருக்கு."

டாக்டர் விளக்கை எடுத்தார். குச்சியை உருவிவிட்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோலக் குழலுக்குள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஆமா, ரெண்டு மூணு இடத்துல சொத்தை" என்றார்.

"பின்னே? காசைக் கொண்டுபோய் இதுல போடாதீங்க."

டாக்டர் நிமிர்ந்தபோது அவர் முகம் கனிந்திருந்தது. "நாப்பது வருஷம் தொழில் பண்ணேன். ஒரு பேஷன்ட்கிட்டகூட இவ்வளவு உண்மையா நான் பேசினதில்ல. உங்களை மாதிரி ஆள்கிட்டதான் வாங்கணும்."

"என்ன மாப்ள, ஆள் கிடைச்சாச்சா?" என்று மெர்ல் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

நார்பர்ட் அவசரமாக அடுத்த வழியைப் பிடித்தார். "அந்தச் சீட்டு பழைய விலை, டாக்டர். மாத்த மறந்துட்டேன். இப்ப மூவாயிரம்."

இதற்கு எவனும் ஓடிவிடுவான். டாக்டர் ஓடவில்லை. யோசித்தார். யோசிப்பதை எதிர் மேஜை வியாபாரி பார்த்துவிட்டான். மூன்று வருஷமாக அந்த விலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவன் அவன்.

"ஏன் நார்பர்ட், குறையை எல்லாம் சொல்லிட்டு விலையை ஏத்துறியே? அதுல என்னமோ இருக்கு. குடு, பார்ப்போம்."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லேன்னா ஏன் மறைக்கிறே?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. பக்கத்து வரிசையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேர் நிற்பதைப் பார்த்து எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். இன்னொருவர் படிக்காமலே, "ஆமா, அந்த வகைதான்" என்றார். எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை.

"மூவாயிரத்து நூறு தர்றேன்" என்றான் எதிர் மேஜைக்காரன்.

"மூவாயிரத்து இருநூறு" என்றார் டாக்டர், தயங்காமல்.

நார்பர்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டத்தில் ட்வைட் நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது. முப்பது வருஷ நண்பன். ஒரே வாத்துவேட்டைக் குழு. அவன் தோளிலும் ஒரு துப்பாக்கி, அதிலும் ஒரு குச்சி, அதிலும் யாரும் தர முடியாத ஒரு விலை. நிலைமையைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடியவன்.

"மன்னிச்சுக்கணும் டாக்டர்" என்றார் நார்பர்ட். "மறந்தே போச்சு. ட்வைட் ஏற்கெனவே முன்பணம் குடுத்து வச்சிருக்கான். இல்லையா ட்வைட்?" என்று கண்ணைக் காட்டினார்.

ட்வைட் சட்டென்று பிடித்துக்கொண்டான். "ஆமாங்க. எனக்குப் பேசி முடிச்சது."

நார்பர்ட்டுக்கு மூச்சு வந்தது.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"அம்பது."

"நூறு தர்றேன். எனக்காக விட்டுக்குடுங்க."

ட்வைட் நார்பர்ட்டைப் பார்த்தான். டாக்டர் நீட்டிய நோட்டைப் பார்த்தான். மறுபடி நார்பர்ட்டைப் பார்த்தான், இந்தத் தடவை கொஞ்சம் வருத்தத்தோடு. பிறகு நோட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுஷர், நார்பர்ட். இவருக்கே குடுத்துடு" என்று சொல்லிவிட்டு பொரித்த உருளைக்கிழங்கு விற்கும் பக்கமாக நடந்தான்.

இனி ஒன்றுதான் பாக்கி இருந்தது. நார்பர்ட் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். களஞ்சியம், சோள மூட்டை, விதைச் சாக்கு, முப்பது பேர், ஒருவர் கண்ணிலும் படாமல் தன் கண்ணில் பட்டது. பல தடவை சொன்ன கதைதான், ஆனாலும் இந்தத் தடவை ஒன்றையும் விடாமல் சொன்னார். "இது என் உசுரு மாதிரி, டாக்டர். பனிக்காலத்துல தூக்கம் வரலேன்னா எழுந்துபோய் இதைத் தொட்டுப் பார்த்துட்டு வருவேன்" என்றார். எதிர் மேஜைக்காரன்கூட தொப்பியைக் கழற்றினான்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு ஆசை வச்சிருக்கிற பொருளை நீங்க விக்க வந்தீங்கன்னா, வீட்ல எவ்வளவு கஷ்டம் இருக்கணும். நான் கேக்கல, நீங்க சொல்லவும் வேண்டாம். மூவாயிரத்து ஐந்நூறு வச்சுக்குங்க. சுவத்துல மாட்டி, கீழே உங்க பேரைப் பித்தளைத் தகட்டுல எழுதி வைக்கிறேன்."

கூட்டம் கைதட்டியது.

மெர்ல் கடையை விட்டுவிட்டே ஓடி வந்து மாப்பிள்ளையின் முதுகில் தட்டினான். "என் தங்கச்சி மூணு வருஷமா இதுக்குத்தான் தவங்கிடக்கா. நானே சொல்லிடறேன்" என்று போனைக் காதில் வைத்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான். "எடுக்க மாட்டேங்குறா. சனிக்கிழமைன்னா அவளுக்குத் தலைவலி வந்துடுமே, படுத்திருப்பா. நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க, அதுதான் அழகு."

நார்பர்ட் தோளிலிருந்து வாரைக் கழற்றினார். கைக்குட்டையால் லீவரை ஒரு தடவை துடைத்தார். "பாலிஷ் கீலிஷ் எதையும் போட்டுடாதீங்க. மாசத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய். மரத்தை வெறும் கையாலயே தேய்ச்சு விடுங்க, போதும்" என்றார். டாக்டர் ஒரு சீட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு துப்பாக்கி கூட்டத்துக்கு மேலே குச்சியில்லாமல் ஆடி ஆடிப் போய், வாசலில் மறைந்தது.

மதியம் ஒரு மணிக்கே வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் நெஞ்சு கனத்தது. பாதி வழியில்தான் லவோனைப் பற்றி நினைத்தார். பாவம், இந்த மூன்று வருஷத்தில் அவள் வேறு எதையும் கேட்டதில்லை. நாம்தான் அவளை ஏமாற்றிக்கொண்டே இருந்தோம். இனி அது இல்லை. சனிக்கிழமைகளில் அவள் தலைவலியோடு தனியாகக் கிடக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிடலாம். அப்படி நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஊருக்குள் நுழையும்போது அவளுக்குப் பிடித்த, செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன.

தலைவலி முற்றிவிட்டதா? யாராவது அவளைப் பார்க்க வந்திருக்கிறார்களா? நார்பர்ட் பலகாரப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

சாப்பாட்டு அறையில் லவோன் உட்கார்ந்திருந்தாள். எதிரே பக்கத்து வீட்டு வில்மாவும் தேவாலயத்துத் தோழிகள் இருவரும். நடுவில் சீட்டுக்கட்டு, பாலாடைக்கட்டித் தட்டு, முக்கால் காலியான ஒயின் புட்டி. லவோன் ஒரு சீட்டை மேஜையில் அறைந்துவிட்டு, கண்ணில் நீர் வர சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னங்க, மணி ரெண்டுதானே ஆகுது?"

"வித்துட்டேன்" என்றார் நார்பர்ட்.

"எதை?"

"நீ சொன்னதைத்தான்." பணத்தைச் சீட்டுகளுக்கு நடுவே வைத்தார். "உனக்காகத்தான், லவோன். இனிமே எந்தச் சனிக்கிழமையும் நான் எங்கேயும் போக மாட்டேன். நாள் பூரா உன்கூடவே இருப்பேன்."

யாரும் பணத்தைத் தொடவில்லை. லவோன் அவரைப் பார்த்தாள், தோழிகளைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டுகளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

வில்மாதான் பெருமூச்சு விட்டாள்.

"அட போப்பா, எதை வித்தாலும் அதை மட்டும் நீ விக்கவே மாட்டேன்னு தெரிஞ்சுதானே அவ அதையே தேடி எடுத்து உன் தோள்ல மாட்டி அனுப்பினா."