சார்ஜர் காணாமல் போன மூன்று நாள்

மனைவியின் மின்சார சைக்கிளை முடக்குவது என்று சாவிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தார். உடைக்கத் தைரியம் இல்லை. விற்க உரிமை இல்லை. சார்ஜரை ஒளித்து வைக்க இரண்டுமே தேவையில்லை.

சைக்கிள் மேல் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது. நடைதான் காரணம். பதினோரு வருஷமாக இருவரும் காலையில் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அங்கிருந்து நாலு கடை தள்ளி அவருடைய சாவி வெட்டும் பெட்டிக்கடை. இருபத்தைந்து நிமிஷ நடை. வழியெல்லாம் அவள் பேசுவாள். டாக்டர்களின் கையெழுத்தைத் திட்டுவாள். இருமல் மருந்தின் விலையைக் கேட்டதும் இருமல் நின்றுபோனவரை நடித்துக் காட்டுவாள். அவர் 'ம்' போடுவார். அவ்வளவுதான். அப்புறம் ஒற்றை சீட் சைக்கிள் வந்தது. எட்டே நிமிஷத்தில் பறந்துவிடுகிறாள். மூன்று மாசமாகப் போடாத 'ம்' எல்லாம் அவர் தொண்டையிலேயே தேங்கிக் கிடக்கிறது.

"நடந்து போகலாமா?" என்று கேட்டிருக்கலாம். வெட்கம். திருடுவதற்கு மட்டும் வெட்கம் இல்லை, பாருங்கள்.

சார்ஜரைத் தன் கருவிப் பெட்டிக்குள் போட்டு, தானே செய்த பூட்டால் பூட்டினார். அதற்கு ஒரே ஒரு சாவி. அது அவர் சட்டைப் பையில்.

திங்கள் காலை வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

"ஏங்க, சார்ஜரப் பாத்தீங்களா?"

"எந்த சார்ஜர்?"

"ஆமா, இங்க பத்து சார்ஜர் கிடக்குது, எதுன்னு தெரியல! சைக்கிள் சார்ஜர்தாங்க. பேட்டரில ஒரு கோடுதான் இருக்கு."

அவரும் மும்முரமாகத் தேடினார்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள ஏன் தேடுறீங்க?"

"சூடாகக் கூடாதுன்னு யாராவது வச்சிருந்தா?"

நடந்தார்கள். அவள் பேசினாள். அவர் வழியெல்லாம் 'ம்' போட்டார். மருந்துக்கடை வந்தபோது, யார் அதை இவ்வளவு கிட்டக் கொண்டுவந்து வைத்தது என்றிருந்தது.

ஆனால் வாசலில் அவள் திரும்பினாள். "சாயந்திரம் ரெண்டு பேரும் போய்ப் புது சார்ஜர் வாங்கிடலாம்."

வாங்கிவிட்டால் கதை முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாவிக்காரருக்கு எந்தப் பொருளும் சாவிதான். துளையில் நுழைந்தால் சரியான பொருள். போன வருஷம் ஏதோ ஒரு சார்ஜரின் பின் நுழைகிறதே என்று டார்ச்சில் செருகினார். டார்ச் பேட்டரி தவளை மாதிரி உப்பிவிட்டது. அப்போது அவள் கேட்டாள்: "தொண்டைல இறங்குதுன்னு அடுத்தவங்க மாத்திரைய முழுங்குவீங்களா?"

அப்படிப்பட்ட மனுஷன் திங்கள் சாயந்திரம் முதல் கடையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பின் கச்சிதமா இருக்குண்ணே," என்றார் கடைக்காரர்.

"பின் கிடக்கட்டும். இதுல அம்பத்துநாலு வோல்ட்னு போட்டிருக்கு. எங்க பேட்டரிக்கு நாப்பத்திரண்டு. லித்தியம் பேட்டரி தம்பி, அளவு தாண்டினா தீப்பிடிக்கும். தொண்டைல இறங்குதுன்னு அடுத்தவங்க மாத்திரைய முழுங்குவீங்களா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பேசிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சின்ன அதிர்ச்சி. சட்டை துவைக்கப் போயிருந்தது. பெட்டிச் சாவி கண்ணாடி அலமாரியில் கிடந்தது. தானே வைத்து மறந்திருப்போம், நல்லவேளை, அவள் கண்ணில் படவில்லை என்று எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

அன்று மாலை இரண்டாவது கடை. வோல்ட் சரி. ஆனால் செய்த கம்பெனியின் பெயர் இல்லை. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசு. "பேட்டரி நிறைஞ்சா தானா நிக்குமா?" என்று கேட்டார். "நீங்க பிடுங்கிட்டா நிக்கும்," என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று வந்துவிட்டார். பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது நாளாக உண்மையைப் பேசினார்.

புதன்கிழமை மூன்றாவது கடையில் வசமாக மாட்டிக்கொண்டார். சைக்கிள் செய்த அதே கம்பெனியின் சார்ஜர். நாற்பத்திரண்டு வோல்ட். அதே ஆம்பியர். நிறைந்தால் தானாக நிற்கும், சூடானாலும் நிற்கும். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"என்ன குறை?" என்றாள் மனைவி.

"வயர்... கொஞ்சம் குட்டை."

"அப்படியா? சரி, வச்சிடுங்க. நாளைக்கு வேற கடை பாப்போம்."

இவ்வளவு சுலபமாகவா? வழியெல்லாம் அவருக்கு 'ம்' வரவில்லை. வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பிடித்துவிட்டாள். குதிகால் சிவந்திருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. போதும், 'கிடைச்சிடுச்சு' என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். சைக்கிள் பக்கம் போனவர் சும்மா பேட்டரி பட்டனை அமுக்கினார்.

நாலு கோடும் பச்சையாக எரிந்தன.

ஓடிப்போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தார். சார்ஜர் இருந்தது. ஆனால் வயர் அழகாகச் சுருட்டி, மருந்துக்கடையின் மஞ்சள் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அவர் ஜென்மத்தில் வயரைச் சுருட்டியதில்லை.

"திங்கக்கிழமையே சட்டைப் பையில சாவி கிடைச்சிடுச்சு," என்றாள் பின்னாலிருந்து.

"அப்ப ஏன் என்கூட நடந்த?"

"நீங்க ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

அவர் அந்த மஞ்சள் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டார்.

"எனக்கும் பேசறதுக்கு ஆள் வேணாமா?" என்றாள். "சைக்கிள் எங்க 'ம்' போடுது?" சார்ஜரை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே நடக்கணும்னா என்னைக் கேளுங்க. பெட்டியப் பூட்டாதீங்க."

கேட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, காது சிவக்க, வாய் திறந்து கேட்டார். "நாளைக்கு... நடந்து போகலாமா?"

"நாளைக்கா? மூணு நாள் நடந்ததுல கால் போச்சு. நாளைக்கு நான் சைக்கிள். பேட்டரிதான் ஃபுல்லா இருக்கே!"