அடங்கிருச்சு மிஸ்ஸின் பெருக்கல்

கொடைக்கானலில் காட்டெருமைக்கு எதிரே நின்று செல்ஃபி எடுக்கிற ஆட்கள் உண்டு. அடங்கிருச்சு மிஸ்ஸுக்கு எதிரே நின்று இரண்டு குறைகளைச் சேர்த்துச் சொன்ன ஆள் மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

செண்பகனூரில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் எனக்கும் மிஸ்ஸுக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. நான் ஒரு லாட்ஜில் வரவேற்பாளர். அவர் கல்லூரியில் கணக்கு ஆசிரியை. ஒருநாள் விடுதிக் கூட்டத்தில் ஒருத்தி, "ஹீட்டர் ஓடல, வெந்நீர் வரல, குளிக்க முடியல, வேலைக்கு லேட்டாகுது" என்று பொரிந்தாள். மிஸ் எழுந்தார்.

"குறை ஒண்ணுதாங்க. மத்த மூணும் அதுலயே அடங்கிருச்சு."

வார்டன் மகிழ்ந்துபோய்க் கூட்டத்தையே முடித்துவிட்டார். அந்தக் கோபத்தில் நாங்கள் வைத்த பெயர்தான் அது.

"மேட்ராய்டுன்னா அதுதாங்க" என்பார் மிஸ். எது தனித்து நிற்கிறது, எது மற்றதில் அடங்கிப்போகிறது என்று பார்க்கிற கணக்காம். சப்மாடுலர் என்று இன்னொன்றும் உண்டு. "வெறுந்தட்டுல விழுற பஜ்ஜிக்கு இருக்கிற மவுசு, நாலு தின்ன பெறகு விழுறதுக்கு இல்லல்ல? அதுதான்." சொல்லிக்கொண்டே ஐந்தாவதையும் எடுத்துக்கொள்வார்.

இரண்டு எண்களைப் பெருக்குவதுபோல இரண்டு மேட்ராய்டுகளையும் பெருக்கலாமாம். ஆனால் சில ஜோடிகளுக்குப் பெருக்கலே கிடையாது. அவை எவை என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் இதை விளக்கப்போக, தங்கள் ஜோடியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஒருமுறை வெளிநாட்டுக் கணக்கு அறிஞர்கள் மிஸ்ஸை ஆன்லைனில் பேச அழைத்தார்கள். விடுதியில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான். நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டரும் குல்லாயுமாக லேப்டாப்புக்குப் பின்னால் கூடிவிட்டோம். சமையல்கார செல்வி அக்கா மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து நின்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது.

பேச்சு பாதியில் இருக்கும்போது திரையில் ஒரு தாடிக்காரர் கையைத் தூக்கி ஏதோ கேட்டார். மிஸ்ஸின் முகம் வெளுத்தது.

"ஆமா... நிரூபணத்துல அந்தப் படி தப்பு" என்றார், தமிழிலேயே.

எத்தனை வருட உழைப்பு!

"என்ன புள்ள, அந்தாளு ஏன் நம்ம மிஸ்ஸ ஏசுறான்?" என்று செல்வி அக்கா என் கையைப் பிடித்தார்.

மிஸ் விறுவிறுவென்று சுவருக்குப் போனார். அன்றைய சாப்பாட்டை எழுதிவைக்கும் கரும்பலகையில் இருந்த சாம்பாரையும் பீன்ஸ் பொரியலையும் முந்தானையால் அழித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதுவார், அழிப்பார், நிற்பார். திடீரென்று சிரித்தார். வரிகளை இடம் மாற்றி எழுதிவிட்டு, லேப்டாப்பைப் பலகைப் பக்கம் திருப்பி, அந்தப் படியே தேவையில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

தாடிக்காரர் திரை முழுக்க மூக்காகத் தெரியும் அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கைதட்டினார். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் விசில் அடித்தோம். செல்வி அக்கா கரண்டியால் தட்டை அடித்த அடியில் அது நெளிந்தே போனது.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் அக்கா ஆரம்பித்தார்.

"நேத்து எங்க மிஸ் வெளிநாட்டுக்காரங்களுக்கே பாடம் எடுத்தாங்க, தெரியுமா?"

"என்ன பாடம்க்கா?"

"பெருக்கல்."

"அட, எம் மகளே வாய்ப்பாடு ஒப்பிக்குமே!"

"ஒம் மகளுக்குப் பெருக்கத்தான் தெரியும். எது பெருகாதுன்னு எங்க மிஸ்ஸுக்குத்தான் தெரியும்!"

முன்சீட்டிலிருந்த மிஸ் திரும்பவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், நான் இறங்கவேண்டிய ஸ்டாப் எப்போதோ போய்விட்டது.