இடது சீற்றுக்கு அளவெடுத்த தங்கூசி

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும் காதைக் காதாகப் பாவித்த மனிதர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அது மூக்குக் கண்ணாடியின் காலை மாட்டத்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. தங்கூசி என்றால் தெரியும்.

பெரியகல்லாற்றில் பிரதான வீதியோரம் அவருக்கு ஒரு தகரக் கொட்டில். வாகனங்களுக்குப் பாட்டுப் போடுகிற டெக்கும் ஸ்பீக்கரும் பூட்டுவது தொழில். ஆனால் பூட்டியதை விடத் துரத்தியதே கூட. ஒருநாள் ஓட்டோக்காரன் ஒருவன் பின் சீற் முழுவதையும் அடைக்கிற மாதிரி ஒரு பெரிய பேஸ் பெட்டியோடு வந்தான்.

"அண்ணே, நெஞ்சு அதிரணும்."

"அப்ப கார்த்திகை வரைக்கும் பொறு. இடி சும்மா வரும்."

இதில் நான் தங்கூசியின் பக்கம். இப்போது பஸ்ஸில் வருவது பாட்டா? பேயைப் பிடித்துத் தகரப் பேணிக்குள் அடைத்த சத்தம். அதைப் பூட்டினவனை அந்த பஸ்ஸிலேயே ஒரு நாள் முழுக்க இருத்த வேண்டும்.

தங்கூசி ஸ்பீக்கரைத் தொட முதல் கதவைத்தான் தொடுவார். உள்தட்டைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, தகடு அதிராமல் தார்த் தாள் ஒட்டி, பலாப்பழம் பார்ப்பது போல விரலால் தட்டுவார். "கதவு செத்தாத்தான் பாட்டு உயிரோட வரும்" என்பார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. உங்களைச் சீற்றில் இருத்தி, மீன் பிடிக்கிற தங்கூசி நூலை ஒவ்வொரு ஸ்பீக்கரில் இருந்தும் உங்கள் காது வரைக்கும் இழுத்துக் கட்டுவார். கிட்ட இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் காதுக்கு முந்திவிடுமாம். தூரத்தை அளந்து டெக்கில் போட்டால் அது கொஞ்சம் பொறுத்துப் பாடும். எல்லாம் ஒன்றாக வந்து சேரும். நாலு நூல் காதில் தொங்க, ஆள் அசையாமல் வாயைப் பிளந்துகொண்டு இருப்பான். ரோட்டில் போகிறவன் விடுவானா?

"தங்கூசியண்ணே, இண்டைக்கு என்ன மீன் பட்டிரிக்கு?"

"கெழுத்திடா. மீசையப் பாரு."

இப்படி அளந்தால் ஒரு ஆளுக்குத்தான் சரி வரும். பக்கத்தில் இருப்பவருக்குக் கோணல். அதனால் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஆருக்கு?"

என்னிடமும் கேட்டார். நான் ஹயர் வான் ஓட்டுகிறவன். என் மனிசி யோகா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அப்போது போய் நாலு வருஷம். சித்திரைக்கு வாறன், வந்து பார்த்துவிட்டு நிற்கிறதா திரும்பப் போகிறதா என்று சொல்லுறன் என்றிருந்தாள். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு எட்டு மணித்தியால ஓட்டம். அதற்குள் அவளை நில் என்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பேச்சு வராது. வந்தால் சண்டையாகத்தான் வரும். பாட்டாவது ஒழுங்காகப் பேசட்டும் என்று நினைத்தேன்.

"இடது சீற்றுக்கு" என்றேன்.

"ஆள் எங்க?"

"குவைத்தில."

"காது இல்லாம எப்பிடி மனெ அளக்கிற? போனப் போடு." அவரை விட இளையவன் எல்லாம் அவருக்கு மனெ, மகன்.

அன்று வெள்ளிக்கிழமை. அந்த வீட்டார் வெளியே போயிருந்தார்கள். யோகா குசினிக் கதிரை ஒன்றில் வந்து இருந்தாள். வீடியோவில் தெரிந்தாள்.

"தங்கச்சி, கூனாம நிமிந்து இரிங்க. கதிரையில இரிந்து காது எவ்வளவு உசரம்?"

"அண்ணே, இஞ்ச அளக்க அடிமட்டம் ஒண்டும் இல்ல."

"பாஸ்போட்டால அளங்க. எல்லாருக்கும் ஒரே நீளம்தானே."

"அத வீட்டுக்கார மேடம் வாங்கி வெச்சிட்டாங்க."

தங்கூசியின் வாய் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது. எனக்கு நிற்கவில்லை. முழுதாக வந்தது.

"சரி விடு. தங்கச்சி, இவன்ட போனும் உங்கட போனும் ஒண்டுதானே?"

ஒன்றுதான். அவளே இரண்டு வாங்கி ஒன்றை எனக்கு அனுப்பியவள். போனைக் கதிரையில் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு போன் நீளமாக மேலே ஏற்றினாள். திரையில் சுவர் வந்தது. சட்டைக் கை வந்தது. தோள் வந்தது. கடைசியில் காது. தோடில்லாத வெறுங்காது. நாலு வருஷமாக அந்தக் காதை நான் அவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை.

"நாலு போனும் ரெண்டு விரலும்!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். குவைத்துக்குப் போன நாளில் இருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

தங்கூசி இடது சீற்றில் நெல்லுச் சாக்கை நிறுத்தி, மேலே ஒரு பூசணிக்காயை வைத்து, சொன்ன உயரத்தில் கரியால் காது கீறினார். மூன்று நாள் நூல் இழுத்தார். சாக்குச் சரிந்தால், "கூனாம இரி புள்ள" என்று பூசணிக்காயை அதட்டினார். பாட்டு எப்படி என்று பார்க்க அந்தச் சாக்கோடேயே வானைக் களுவாஞ்சிகுடி வரை ஓட்டினேன். சந்தியில் நின்ற ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"யோகா வந்திட்டாவா மச்சான்? நல்லா உடம்பு வெச்சிட்டாவே!"

சித்திரை வந்தது. யோகா வரவில்லை. மேடத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். இன்னும் இரண்டு வருஷமாம். நான் நேரே கொட்டிலுக்குப் போனேன்.

"எனக்கு மாத்துங்க. ஓடுறவன் நான். பாடுறவன் என்ட வலது முழங்காலுக்குள்ள இரிந்து பாடுறான்."

"ஏலா."

"ஏன் ஏலா? டெக்கில நாலு இலக்கம்தானே?"

"அப்ப நீயே அழி. அந்தா பட்டன்."

விரலை வைத்தேன். நான் கோபம் வந்தால் கதவை உடைக்கிறவன். பட்டனை அமத்த முடியவில்லை. தங்கூசி என்னைப் பார்க்காமல் உள்ளே போய், எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் நின்றார்.

அந்த இரண்டு வருஷமும் போய், இன்னொரு இரண்டு வருஷமும் நடக்கிறது. தங்கூசிக்குக் கண் மங்கிவிட்டது. கொட்டிலை மூடிவிட்டு வாகரையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஊரில் இப்போது யாரும் யோகாவைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. கேட்டால் பாய்வேன் என்று பயம். பாய்வேன்தான். தங்கூசிக்கு அந்தப் பயம் இல்லை. இடதுபக்க ஸ்பீக்கர் பாடவில்லை என்று வானை வாகரைக்குக் கொண்டுபோனால் கதவுக்குள் தலையை விட்டு, கையால் தடவிப் பார்த்து ஏசுவார்.

"என்ன மனெ, மறுகாவும் வயர் கழண்டு கிடக்கு. வான் ஓடுறியா, வயலா உழுறாய்?"

பூட்டி முடித்து, நூலை எடுத்து அந்தச் சீற்றை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுக் கேட்பார்.

"தங்கச்சி எப்ப வாறா?"

"சித்திரைக்கு" என்பேன்.

இதுவரை ஐந்து தடவை போய்விட்டேன். அந்த வயர் ஒருநாளும் தானாகக் கழன்றதில்லை. வாகரை வர முதல், பனிச்சங்கேணிப் பாலம் தாண்டியதும் வானை ஓரங்கட்டி, நான்தான் கழற்றிவிட்டுப் போகிறேன்.