நீலத் தொட்டிச் செவ்வந்தி

செவ்வந்திச் செடியின் அடியிலைகளில் இரண்டு மஞ்சளாகிவிட்டதை வாஷிங் மெஷின் மெக்கானிக் புதன்கிழமை காலையில்தான் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை மலர்ப் போட்டி.

போன வருடம் இதே போட்டிக்கு மனைவி வளர்த்த செடி கொஞ்சம் வாடியபோது, நல்லெண்ணத்தில் அதைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டியவர் அவர். செடி போய்ச் சேர்ந்தது. மனைவி ஒரு மாதம் "ம்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அப்படிப்பட்டவள் இந்த முறை தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, நீலத் தொட்டியை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். காலையில ஒரு டம்ளர் தண்ணி. வேற எதுவும் செய்யாதீங்க."

மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் பழுதான ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவர் தொழிலில் கிடையாது.

"தண்ணி பத்தல," என்றார் மாடிவீட்டுக்காரர், பல் துலக்கியபடியே.

மெக்கானிக் ஒரு வாளி ஊற்றினார். சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு இலைகள் மஞ்சளாகின.

"தண்ணி அதிகம்," என்றார் அதே மாடிவீட்டுக்காரர்.

"காலையில நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க?"

"இவ்வளவா ஊத்தச் சொன்னேன்?"

மண்ணைக் காயவைக்க மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து அரை மணி நேரம் காட்டினார். மண் காய்ந்தது. இலைகளும் கூடவே காய்ந்தன.

வியாழக்கிழமை, ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்பவர் உரம் போடச் சொன்னார். பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை நடந்தாக வேண்டுமே என்று இவர் நான்கு போட்டார். மறுநாள் மிச்சமிருந்த இலைகளின் ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"செடி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

"சந்தோஷம். நீங்க சாப்டீங்களா?"

குரலில் துளிக் கவலை இல்லை. தன்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று நெகிழ்ந்துபோனார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"பக்க மொட்டெல்லாம் கிள்ளிடுங்க. நடு மொட்டுக்குச் சத்து போய்ப் பூ பெருசாகும்," என்றார் மாடிவீட்டுக்காரர்.

இருந்தவை ஐந்து மொட்டுகள். செடியோ ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று நடுவில் இருந்தது; தொட்டியைத் திருப்பினால் இன்னொன்று இருந்தது. எது நடு, எது பக்கம் என்று தலை சுற்ற, ஒரு வழியாக நான்கைக் கிள்ளினார். மிஞ்சியதை ஒரு குச்சியோடு சேர்த்துக் கம்பியால் கட்டியவர், தொழில் பழக்கத்தில் கடைசியாக இன்னொரு முறுக்கு முறுக்கினார். மொட்டு கையோடு வந்துவிட்டது.

பசை போட்டு ஒட்டினார்.

"இப்ப நல்லா நிமிந்து நிக்குது," என்றார் மாடிவீட்டுக்காரர்.

சனிக்கிழமை காலையில் நீலத் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊர் எல்லையில் இருந்த நர்சரிக்குள் நுழைந்தார். மூலையில், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஒரு செடி நின்றது. அதில் ஒரே ஒரு வெள்ளைச் செவ்வந்தி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மலர்ந்திருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதைக் குடுங்க. இந்தத் தொட்டியில மாத்தி வெச்சிருங்க."

"அது விக்கறதுக்கு இல்ல சார். ஒரு அம்மா பாத்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார் நர்சரிக்காரர்.

"கொஞ்சம் மனசு வைங்க. என் பொண்டாட்டி என்னை நம்பிக் குடுத்துட்டுப் போனா. நாளைக்கு அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அந்த அம்மாவும் என்னை நம்பித்தானே குடுத்திருக்காங்க?"

மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன், அவங்க வீட்டுல பாத்துக்க ஆளே இல்லையா?"

நர்சரிக்காரர் பூவாளியைக் கீழே வைத்தார்.

"புருஷன் இருக்காராம் சார். ஆனா அவர் கை சும்மா இருக்காதாம், மனசும் நோகக் கூடாதாம். அதனால அவருக்குன்னு என்கிட்ட வேற ஒரு செடி வாங்கி, நீங்க வெச்சிருக்கீங்களே, இதே மாதிரி நீலத் தொட்டியில நட்டுக் குடுத்திருக்காங்க."