ஒற்றை வசவில் ஆறு மா சாகுபடி

பக்கவாதத்தில் பேச்சு போன ஒரு விவசாயிக்கு, சிலேட்டு வாங்கிக்கொண்டு போய் அ, ஆ சொல்லிக்கொடுக்கப் பார்த்த அறிவாளி நான்தான். மூளையைப் பற்றி ஏதோ பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் படித்திருந்தேன். அந்த வேகம். அவர் சிலேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாசமாப் போக!" என்றார். சிலேட்டு வாய்க்காலில் போனது.

தஞ்சை ஜில்லாவிலேயே ஒற்றை வசவை வைத்துக்கொண்டு குறுவை, தாளடி என்று இரண்டு போகம் விளைவித்த மனிதர் அவர் ஒருவர்தான். வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இந்த ஒரு வசவுதான் மிச்சம். தண்ணீர் கேட்க வராது. பெண்டாட்டி பெயர் வராது. வசவு மட்டும் அட்சரம் பிசகாது. மூளையில் பேச்சுக்கு ஓர் அறை, கோபத்துக்கு வேறு அறை போலிருக்கிறது. இரண்டாவதற்குப் பூட்டே கிடையாது. ஊர் அவரை நாசமண்ணன் என்றது.

கூத்தாநல்லூர் சாலை டீக்கடை பாய் சொல்லுவார்: "அண்ணன் இழுத்துச் சொன்னா சக்கரை தூக்கலா, வெட்டிச் சொன்னா ஸ்ட்ராங்கா. நீங்கதான் தம்பி, ஒரு டீ சொல்ல ஒம்பது வார்த்தை செலவு பண்றீங்க." கல்யாண வீடுகளிலும் அதே வார்த்தைதான். ஒருமுறை வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் கைகலப்புக்கே வந்துவிட்டார்கள். "அண்ணன் ஆசீர்வாதம் பண்றாருங்க, குனிஞ்சு வாங்கிக்குங்க" என்று பெண் வீட்டார் சமாதானப்படுத்தினார்கள்.

குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்து, பண்ணையார்களெல்லாம் வக்கீல் வீட்டுக்கு ஓடிய காலம் அது. நாசமண்ணன் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். பதிவில் பெயர் ஏறாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். பண்ணையின் காரியஸ்தர் வந்து, "அவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லைங்க. நெலத்த நாங்களே சாகுபடி பண்றோம்" என்று மனுப் போட்டார்.

விசாரணை தாலுகா ஆபீசில். வாசலில் 'தமிழ் வாழ்க' என்று விளக்குப் போட்ட பலகை. உள்ளே, வாக்குமூலம் எழுதும் குமாஸ்தாவாக நான்.

"உங்க பேரு?" என்றார் தாசில்தார்.

"நாசமாப் போக!"

"நிலத்தை யாரு உழறது?"

"நாசமாப் போக!" மார்பில் இடது கையால் அடித்துக்கொண்டார்.

மார்பில் அடித்துக்கொண்டதை எழுத எனக்கு உத்தரவில்லை. குரல் உயர்ந்ததை எழுத இடமில்லை. வசவை மட்டும் மணிமணியாக எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே அவர் பைத்தியமாகத் தெரிந்தார்.

"பாத்தீங்களா சார்?" என்று காரியஸ்தர் சிரித்தார். அது நாசமண்ணனுக்கு எழுத்துக்கு எழுத்து புரிந்தது. கண் சிவந்து, உதடு நடுங்கி, உள்ளே ஆயிரம் வார்த்தை முட்டிக்கொண்டு நிற்க, வெளியே வந்தது அந்த ஒன்றுதான். பேச்சு போனவனுக்குப் புத்தியும் போயிற்று என்று தீர்மானிக்க இந்த நாட்டில் ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

அவர் மனைவி கோவிந்தம்மா குறுக்கே வந்தாள். "ஐயா, இங்க வச்சுக் கேட்டா என்னா தெரியும்? வயலுக்கு வாங்க. அங்க அவரு பேசுவாரு."

தாசில்தார் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போனார். நடவு நடந்துகொண்டிருந்தது. "நீங்கதானே சாகுபடி? வேலையை நடத்துங்க பாப்போம்" என்றார் காரியஸ்தரிடம். காரியஸ்தர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அந்த மடையத் தொறங்க!" என்றார். நல்ல தமிழ், தெளிவான உச்சரிப்பு. குனிந்திருந்த ஒருத்திகூட நிமிரவில்லை.

நாசமண்ணன் வரப்பில் ஏறினார். "நா...சமாப் போக!" மடை திறந்தது. "நாசமாப் போக!" என்று வெட்டினார், மடை அடைபட்டது. அடிக்குரலில் ஒன்று, நாற்று முடிக்கட்டுகள் பறந்து வந்து விழுந்தன. கீச்சென்று ஒன்று, மூலையில் இடைவெளி விட்டுக் கலக்க நட்டிருந்த பெண், "தோ, நெருக்கி நடுறேன் அண்ணே, கத்தாதீங்க" என்று திரும்பக் குனிந்தாள்.

தாசில்தாருக்குத் திகைப்பு. "ஒரே வார்த்தைதானே சொல்றாரு. எப்படிம்மா புரியுது?"

"ஏன் சார், உங்களுக்குப் புரியலையா?" என்றாள் அந்த நடவுப் பெண், இவருக்குத்தான் ஏதோ கோளாறு என்கிற மாதிரி.

பெயர் பதிவாயிற்று. உத்தரவு நகலை நானே எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். வரப்பில் நின்று உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் சேற்றிலிருந்து நிமிர்ந்து, என்னையும் என் காலையும் பார்த்தார். பிறகு காற்றைப் போல, "நாசமாப் போக" என்றார். அத்தனை பிரியமாக என்னை யாரும் திட்டியதில்லை, பெற்ற தாய் உட்பட.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நன்றி சொல்றாரும்மா" என்றேன் கோவிந்தம்மாளிடம்.

"நன்றியா? இப்பதான் சேறு பூசுன வரப்பாம். படிச்ச புள்ளயாச்சேன்னு தன்மையா எறங்கச் சொல்றாரு."