ஒற்றை அறை வீடு, சமையலறை தனி

யாருடைய போனையாவது என் கையில் கொடுங்கள். அதில் என்னென்ன விளம்பரம் வருகிறது என்று பார்த்து, அந்த ஆளின் மனசில் ஓடுவதைப் புட்டுப்புட்டு வைக்கிறேன். சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. மொபைல் விளம்பரக் கம்பெனியில் மேனேஜர் நான். நீங்கள் ஒரு செருப்பை ஆசையாகப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டால், அதை வாங்கித் தொலைக்கும் வரை உங்கள் பின்னாலேயே அனுப்புகிறவன் நான்தான். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

இந்த வித்தையை ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவிக்கும் விளக்கினேன். நாம் தேடுவதைத்தான் போன் திரும்பத் திரும்பக் காட்டும், வாய் பொய் சொல்லும், விரல் பொய் சொல்லாது என்றேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் அவ்வளவு நேரம் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போன்களையும் சேர்த்தால் ஆறு, அதில் மூன்று எனக்கு. ஆபீஸ் விட்டு வந்து சோபாவின் ஒரு முனையில் உட்காருவேன். மறுமுனையிலிருந்து அவள் ஏதாவது சொல்வாள். நான் "ம்" என்பேன். பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான் வீட்டில் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் போனை நீட்டினாள். ரொம்ப மெதுவாக இருக்கிறதாம், பார்க்கச் சொன்னாள். செய்திப் பக்கத்தைத் திறந்தேன். 'தனியாக வசிக்கும் பெண்களுக்கு ஒற்றை அறை வீடு, சமையலறை தனி' என்றது முதல் விளம்பரம். அடுத்தது சக்கரம் வைத்த பெரிய பெட்டி. அதற்கும் கீழே டிக்கெட். போவதற்கு மட்டும். திரும்பி வருவதற்கு இல்லை.

விரல் பொய் சொல்லாது என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவன் நான்தானே.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, அவள் ஆமாம் என்றுவிட்டால்? முன்பின் தெரியாத லட்சம் பேரின் ஆசையெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரே சோபாவில் இருக்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போகும் முன்பே வீடு காலியாகிவிட்டது போலிருந்தது.

திட்டம் போட்டேன். அவளுக்கே தெரியாமல் அவள் மனசை நைசாக மாற்றிவிடுவது. மறுநாள் நேரத்தோடு வந்து, மூன்று போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். அவளுக்கு முழங்கால் வலி என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். குரல் ஏன் கரகரப்பாக இருக்கிறது என்று கேட்டேன். பகலெல்லாம் யாரோடும் பேசாமல் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தினமும் அவள் குளிக்கப் போனதும் அவள் போனைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். முதலில் டிக்கெட் காணாமல் போனது. அப்புறம் வீடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் மீட்டிங் என்று ஒருநாள் தாமதமாக வந்தேன். மறுநாள் காலை ஒற்றை அறை வீடு திரும்பி வந்துவிட்டது. இந்த முறை பால்கனியோடு.

அன்று சாப்பாட்டு மேஜையில் என்னால் அடக்க முடியவில்லை.

"என்னை விட்டுட்டுப் போகப்போறியா?"

"எங்க போறது? முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு மாடிப்படியே இறங்க முடியல."

"அப்போ அந்த வீடு, பெட்டி எல்லாம்?"

"அதையெல்லாம் பார்த்தீங்களா" என்று ஆச்சரியப்பட்டாள். அவளுக்கு நடிக்க வராது. உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. "காய் நறுக்கி முடிச்சதும் உட்கார்ந்து தேடுவேன். கொஞ்ச நேரம் வீடு, கொஞ்ச நேரம் பெட்டி. எல்லாம் வரிசையா வர ஆரம்பிச்சதும் போனை உங்க கையில குடுத்தேன்."

"வாயைத் திறந்து எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. வருஷக்கணக்கா சொன்னேன். 'ம்'னீங்க." குழம்பை என் தட்டில் ஊற்றினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நான் சொன்னா உங்க காதுல விழல. விளம்பரம் சொன்னா விழும்னு தோணிச்சு."

ஒரே ஒரு ஆளைக் குறிவைத்து, சல்லிக்காசு செலவில்லாமல், முழுசாகப் பலித்த விளம்பரம். என் சர்வீஸில் நான் ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவள் போகவில்லை என்பதில் அழுகையும் வந்தது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று அவள் போன் மேஜைமேல் கிடந்தது, திரை என்னைப் பார்த்தபடி. பாத்திரம் கழுவும் மெஷின் விளம்பரம். தேடினாளா, தானாக வந்ததா, நான் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக சிங்க் பக்கம் போனேன்.