அடுப்பில் அடங்காத கெண்டை

வாழி வெலிச்கோ. தன்யூப் பெருநதி பனிப்புகை போர்த்துக் கிடக்கும் ரூஸே மாநகரில், ஏறுவனவும் இறங்குவனவும் எவன் கைத் திருப்புளிக்கு அஞ்சி ஒழுகுமோ அந்த லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியை இரண்டறை ஒரு சமையலறையோடு ஆள்பவன். ஐம்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள அரிமா. நிகோலினாவின் கணவன், ஸ்லாவ்காவின் மருமகன், இவ்விரு பட்டங்களில் பின்னதன் கனம் தாங்காது தோள் சரிந்தவன். அவன் டிசம்பர் ஆறாம் நாள் பிற்பகல் மூன்று மணி முதல் செய்த அரும்போரை உரைக்கப் புகுகிறோம். கலைமகள் நம் நாவிலும், மின்சாரம் அவன் வீட்டிலும் இடையறாது நின்று காப்பதாக.

அன்று புனித நிக்கோலாவின் திருநாள். அப்பெயரைத் தாங்கியவர் வீட்டுக்கு அழைப்பில்லாமலே சுற்றமும் நட்பும் வரும். வந்தோர்முன் கெண்டை ஒன்று, தலைமுதல் வால்வரை வெட்டுப்படாமல், சுடச்சுடக் கிடந்தாக வேண்டும். மீன் துண்டுபட்டால் குடும்பம் துண்டுபடும் என்பது ஸ்லாவ்காவின் அசையாக் கொள்கை. நிகோலினாவின் பெயர்நாள் தோறும் அக்கெண்டையைத் தன் வீட்டிலேயே சுட்டு, கம்பளியில் பொதிந்து, கைக்குழந்தைபோல் மடியில் ஏந்திப் பேருந்தில் வந்திறங்குபவளும் அவளே. பத்தொன்பது ஆண்டுகள் வெலிச்கோ தன் மேசையில் தானே விருந்தாளியாய் அமர்ந்து அவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தான். இருபதாம் ஆண்டில் மானம் விழித்தது. போன வாரம் தொலைபேசியை எடுத்தான்.

"அத்தை, இந்த வருஷம் மீன் கொண்டு வராதீங்க. நானே சுடுறேன்."

எதிர்முனையில் ஸ்லாவ்கா திருவாய் மலர்ந்தாள்.

"சரி மாப்பிள்ளை. அப்ப நான் வெறுங்கையோட வர்றேன்."

வெறுங்கை என்ற அச்சொல் வெலிச்கோவின் செவியில் போர்முரசாய் விழுந்தது. சந்தைக்குப் பாய்ந்தான். அடுப்பை அளந்து மீன் வாங்குபவன் குடித்தனக்காரன். ஆத்திரத்தை அளந்து வாங்குபவன் வீரன். பாண்டியர் கொடியில் பறந்து, இமயத்தின் நெற்றியில் பொறிக்கப்பட்ட பெருங்குலத்தில் வந்ததோ என ஐயுறத்தக்க ஆறு கிலோக் கெண்டை ஒன்றைத் தோளில் சாய்த்து வீடு சேர்ந்தான்.

சூரியகாந்திப் பூப்போட்ட நிகோலினாவின் மேலங்கியைக் கவசமாய்த் தரித்தான். வெங்காயத்தைக் கொன்று அழுதான். அக்ரூட்டுப் பருப்பை நொறுக்கினான். உலர்திராட்சையும் அரிசியும் கூட்டி வதக்கினான். அவ்வளவையும் மீனின் வயிற்றில் திணித்து, வெள்ளை நூலால் போர்க்காயம் தைக்கும் மருத்துவன்போல் தைத்து மூடினான். மேலெங்கும் தடவுவதற்காக உப்பு ஜாடியைத் திறந்து அருகில் வைத்தான். அக்கணத்தில்தான் அவன் பார்வை மீனிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து மீனுக்கும் சென்றது. அளவுநாடாவை எடுத்தான். கதவு வைத்த அம்மின்னடுப்பின் உட்புறம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். கெண்டை எழுபத்தொன்று.

பின் நிகழ்ந்தது சொல்லில் அடங்காது, அடுப்பிலும் அடங்கவில்லை. குறுக்காகக் கிடத்தினான், மீசையுள்ள அம்முகம் கதவுக்கு வெளியே நின்று அவனை நோக்கியது. திருப்பினான், வால் வெளிவந்து விசிறியது. வில்லை நாணேற்றுவான்போல் மீனை வளைத்து, சுறுக்கென்று கதவை அறைந்தான். கெண்டை நிமிர்ந்து கதவைத் திறந்து தட்டோடு அவன் மார்பில் பாய்ந்தது. செத்த பின்னும் புறமுதுகு காட்டாத இத்தகைய பகைவனைப் புகழாமல் இருப்பது காவிய அறம் அன்று.

ஐந்து மணிக்கு நிகோலினா வேலை முடிந்து வந்தாள். தரையில் மீனோடு கட்டிப்புரண்டு கிடந்த கணவனைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"வாலை வெட்டிடேன். என்ன குறைஞ்சிடப் போகுது?"

"வெட்டினா உங்கம்மா என்னை வெட்டுவாங்க."

இறுதி வியூகம் வகுத்தான். வாலுக்கு அலுமினியத் தாள் சுற்றினான். மீனைப் பிறைநிலவாய் வளைத்து உள்ளே திணித்தான். கதவின்மேல் நாற்காலியின் முதுகைச் சாய்த்து, அதன்மேல் தானே ஏறியமர்ந்து, தன் ஐம்பத்தெட்டுக் கிலோவையும் தாழ்ப்பாளாக்கினான். விரலளவு இடைவெளி விட்டு இணங்கியது கதவு. அவ்விடைவெளி வழியே அனல் சீறி அவன் முதுகை வாட்ட, எரிமலைமேல் அமர்ந்த தவமுனிவன்போல் அசையாதிருந்தான் வெலிச்கோ.

விருந்தினர் வரத் தொடங்கினர். நிகோலினாவின் தம்பி பொயான் ரக்கியா மதுப் புட்டியோடு சமையலறைக்குள் தலையை நீட்டினான்.

"என்ன மச்சான், மீனை அடைகாக்கிறியா?"

"குடுத்துட்டுப் போடா."

ஆறு மணிக்கு வாசல் மணி ஒலித்தது. அவ்வொலியில் ஜன்னல் கண்ணாடிகள் வியர்த்தன. கருங்கம்பளிக் கோட்டு, கையில் ஒன்றுமில்லை. நூற்றுப் பத்துக் கிலோ மாட்சிமையோடு ஸ்லாவ்கா சமையலறை வாயிலை நிறைத்து நின்றாள். மாமியார் வந்தால் மருமகன் எழ வேண்டும். எழுந்தால் கதவு வீழும். கதவு வீழ்ந்தால் கெண்டை பாயும். கெண்டை பாய்ந்தால் இருபதாண்டு மானம் தரையில் புரளும். எழாவிட்டாலோ, அது இன்னும் இருபதாண்டு பேசப்படும். வெலிச்கோ எழவில்லை.

"இருபது வருஷத்துல முதல் தடவையா வெறுங்கையோட வந்தேன். எழுந்திரிக்கக்கூட மனசு வரலையா மாப்பிள்ளை?"

"எழுந்தா மீன் வெளிய வந்துடும், அத்தை."

ஸ்லாவ்கா குனிந்து இடைவெளியை நோக்கினாள். உள்ளே பாதி வெளுத்தும் பாதி சிவந்தும் வளைந்து கிடந்த மீனைக் கண்டாள். கோட்டைக் கழற்றி மகளிடம் எறிந்தாள்.

"தள்ளு."

அவள் அமர்ந்தாள். உலகம் ஒருமுறை தாழ்ந்து நின்றது. கதவு 'க்ளிக்' என்றது. ஆறு கிலோக் கெண்டையின் செருக்கு அத்தோடு அடங்கிற்று. முக்கால் மணி நேரம் அவ்வரியணையில் வீற்றிருந்து, அங்கிருந்தபடியே எல்லோரிடமும் முகமன் பெற்று, இரண்டு கோப்பை ரக்கியாவும் அருந்தி, ஆறேமுக்காலுக்கு இறங்கினாள்.

பொன்னிறத்தில், வெட்டுப்படாமல், குதிரைலாடம்போல் வளைந்து மேசையேறியது மீன். பதினோரு விருந்தினர் மூச்சடக்கினர். ஸ்லாவ்கா எழுந்து பிரகடனம் செய்தாள்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. இருபதாவது வருஷமும் நிகோலினா வீட்டு மீன் என் கையாலதான்."

"கையால இல்லம்மா," என்றான் பொயான்.

வெலிச்கோவின் முகம் அணைந்த அடுப்பாயிற்று. பகைவனை வென்ற களத்தில் கொடியை மட்டும் பிறர் நட்டார்கள். முதல் துண்டு, முறைப்படி, மூத்தவள் ஸ்லாவ்காவின் தட்டுக்குச் சென்றது. அவள் முள்கரண்டியால் சிறிது எடுத்து வாயிலிட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். நீண்ட நேரம் மருமகனையே நோக்கினாள். பின் முள்கரண்டியை வைத்துவிட்டு, அவையோர் அதிர, மீண்டும் எழுந்தாள்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன். இந்த மீன் முழுக்க முழுக்க மாப்பிள்ளை சுட்டது. வாங்கினது அவரு, தச்சது அவரு. நான் சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

இருபதாண்டு இருள் ஒரு சொல்லில் நீங்கிற்று. கோப்பைகள் உயர்ந்தன, வாழ்த்தொலி ஐந்தாம் மாடி தாண்டி எட்டாம் மாடி வரை எட்டிற்று, நிகோலினாவின் கண்கள் பனித்தன. தோள்கள் நிமிர, மலைகளை வென்று மீண்ட வேந்தன்போல், பகைவனின் விலாவிலிருந்து பெருந்துண்டொன்றை எடுத்து வெற்றித் திருவாயில் இட்டான் வெலிச்கோ.

மீனில் உப்பே இல்லை.